நாற்பத்தொரு நொடி

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஆர்டிஸ் நூற்றுப் பத்து பன்களுக்கு வெண்ணெய் தடவி முடித்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு மடிப்பு ஹாம் இறைச்சி வைக்கிற வேலைதான் பாக்கி.

தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் இந்த வேலையை அவள் முப்பத்தோரு வருஷமாகச் செய்கிறாள். எல்ஸ்பியில் யார் செத்தாலும், அடக்க ஆராதனை முடிந்து கீழே இறங்கி வந்து ஆர்டிஸின் பன்னைத் தின்றுவிட்டுத்தான் ஜனம் வீட்டுக்குப் போகும். செத்தது அவள் புருஷன் லைல் என்றபோதும் அப்படித்தான் நடந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், மேலே லைலின் பெட்டி இருந்தது. கீழே ஆர்டிஸ் காபி கொதித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊர் அதை மெச்சிக்கொண்டது.

இன்று யாரும் சாகவில்லை. இன்று படம்.

நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடலாம். ஆர்டிஸின் மகள் சோல்வே, மினியாபொலிஸில் இருந்துகொண்டு ஒரு படம் எடுத்தாள். பைபிளில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் பாக்கியவான்கள் என்று சொல்லப்பட்ட எட்டு வகை ஆட்களுக்கு எட்டு குட்டிக் கதைகள். எட்டும் கிண்டல். சாந்தமுள்ளவனுக்குப் பூமி கிடைக்கிறது. அது ஒரு பழைய சரளைக் குழி. யாரிடமும் முடியாது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாததால் ஊர்க் குப்பை பூராவும் அதில் வந்து விழுகிறது. சமாதானம் பண்ணுகிறவன் இரண்டு மச்சான்களுக்கு நடுவே போய் இரண்டு பேரிடமும் உதை வாங்குகிறான்.

துயரப்படுகிறவர்களின் கதை இரண்டாவது. மெல்வின் க்ராஸ் என்று ஒருவன் செத்துப்போகிறான். அவனை ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் துணிச்சலில்லை. ஆளாளுக்கு அவனைப் புகழ ஆரம்பிக்கிறார்கள்.

இதை எடுக்க சோல்வேவுக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் கொடுக்கிற அறிவிப்புத் தாளில், 'மெல்வின் க்ராஸ் அடக்க ஆராதனை, வியாழன் பதினொரு மணி' என்று போட்டாள். அடியில், சின்ன எழுத்தில், படப்பிடிப்பு என்றும் போட்டாள். அடியில் இருப்பதை எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை. தொண்ணூறு பேர் கறுப்புக் கோட்டில் வந்து நின்றார்கள். வாசலில் இருந்த தாளை வழக்கமான வருகைப் பதிவு என்று நினைத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அது படத்தில் முகம் காட்டச் சம்மதம் என்கிற தாள்.

மகள் ஏதோ படம் எடுக்கிறாள் என்று ஆர்டிஸுக்குத் தெரியும். செத்தவனும் படத்தில்தான் செத்தான் என்பது சாப்பாடு முடிந்த பிறகுதான் தெரிந்தது. செத்தது யார் என்று அவள் கேட்டிருக்கவில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்டாள்.

விஷயம் தெரிந்தபோது ஊரில் யாரும் சத்தம் போடவில்லை. "ம், வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார்கள். அதைவிடக் கடுமையான வசவு எங்களிடம் கிடையாது.

ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. மேலே பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, தலைகளை எண்ணிப்போக ஆர்டிஸ் காபிக் கூஜாவும் கையுமாக மேலே வந்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். நின்றவள் உடைந்து அழுதாள். கூஜா சாய்ந்து, முன்னால் உட்கார்ந்திருந்த ஹார்லனின் கோட்டு முதுகில் தொங்கிய தொப்பிக்குள் காபி ஒழுகியது. ஆராதனை நடுவே எழுந்திருப்பது மரியாதையில்லை என்று ஹார்லன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொப்பி நிரம்பியது. நாற்பத்தொரு நொடி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம், ஆர்டிஸோடு சமையலறையில் நிற்கிற ஃபிலிஸின் அக்கா மகள் அந்தப் படத்தை நகரத்தில் பார்த்துவிட்டுப் போன் பண்ணினாள். கூஜாவோடு அழுகிற பொம்பளை வருகிற இடத்தில் கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். ஃபிலிஸ் அதை ஆர்டிஸின் மகன் டேரலிடம் சொன்னாள். டேரல் தங்கையைக் கூப்பிட்டு, அந்த இடத்தை வெட்டாமல் எல்ஸ்பிக்குள் கால் வைக்காதே என்றான்.

சோல்வே வந்துவிட்டாள். கோட்டின் இடது பையில் முழுப் படம் இருந்தது. வலது பையில் அந்த நாற்பத்தொரு நொடி இல்லாத படம். இரண்டும் கட்டைவிரல் அளவு டிரைவ்கள். எதைப் போடுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. இரண்டு மணிக்குப் படம்.

* * *

"அம்மா, கொஞ்சம் பேசணும்."

"பேசேன். கை சும்மாதானே இருக்கு? அந்த ஹாமைப் பிரி."

சோல்வே ஹாமைப் பிரித்தாள். பக்கத்தில் ஃபிலிஸ், காபி தெளிந்து இறங்குவதற்காக, தூளில் முட்டையை ஓட்டோடு நசுக்கிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டி சோல்வே, படத்துல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க ஆன்ட்டி. மூணாவது வரிசை."

"அன்னிக்கே சொல்லியிருந்தா பல்லு செட்டைப் போட்டுக்கிட்டு வந்திருப்பேன்ல? செத்தவனுக்கு எதுக்குப் பல்லுன்னு விட்டுட்டு வந்தேன்."

"யாருக்கும் தெரியாது ஆன்ட்டி. வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கீங்க."

"இவ வாயை மூடிக்கிட்டு இருந்ததைப் படம் புடிச்சியா? அதைத் தனியா ஃப்ரேம் போட்டு எனக்குக் குடு" என்றாள் ஆர்டிஸ்.

அம்மா ஜோக் அடிக்கிறாள். சோல்வே நிமிர்ந்து பார்த்தாள். ஏப்ரனுக்கு அடியில் ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கிற நீல உடுப்பு. தலைமுடி நேற்றுதான் கடையில் சுருட்டிவிட்டது.  ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது என்று தெரியாமல் உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறாளே.

"படத்துல நடிச்சவங்க எல்லாரும் வர்றாங்களா?" என்று ஆர்டிஸ் பன்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நகரத்துலேர்ந்து யாரும் வரல. நம்ம ஐனார் வர்றார்."

ஐனார் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. செத்தவனுக்குப் பிரசங்கம் பண்ண நிஜ பாஸ்டரம்மா மறுத்துவிட்டதால், அங்கியை மாட்டி அவரைத்தான் பாஸ்டராக நிறுத்தினார்கள். பாஸ்டரம்மா ஊரில் இல்லை போல என்று ஜனம் நினைத்துக்கொண்டது.

"அவரை அவரோட சொந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு" என்றாள் ஆர்டிஸ்.

ஃபிலிஸ் கொக்கரித்துச் சிரித்தாள். "ஆமா! அன்னிக்குப் பாஸ்டர் மாதிரி தெரியணும்னு, சர்ச்சுல விட்டுட்டுப்போன பொருள் போடற பெட்டியிலேர்ந்து யாரோட கண்ணாடியையோ எடுத்து மாட்டினீங்களே! பாவம் மனுஷன், கையில இருந்த தாளும் தெரியல, எதிர்ல இருந்த ஆளும் தெரியல. கூட்டம் வந்திருக்கான்னு என்கிட்டயே கேட்டார்."

"எழுதிக் குடுத்ததுல பாதியைச் சொல்லவே இல்ல" என்றாள் சோல்வே. "தானா எதையோ சொன்னார். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

ஆர்டிஸ் ஒரு பன்னைத் திறந்து, உள்ளே ஹாம் இருக்கிறதா என்று பார்த்து, மூடிவைத்தாள்.

"என்னமோ பேசணும்னியே?"

"ஒண்ணுமில்லம்மா. அப்புறம் சொல்றேன்."

* * *

டேரல் வெளிப் படிக்கட்டில் பனி வாரிக்கொண்டிருந்தான். அறுவடைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு லாரி ஓட்டுவான், மற்ற மாசங்களில் கிடைக்கிற வேலை. அப்பாவின் காதுமூடித் தொப்பியைத்தான் நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதை அவன் துவைத்து யாரும் பார்த்ததில்லை.

"எது?" என்றான் நிமிராமல்.

"என்ன எது?"

"எந்தப் படம்? வெட்டினதா, வெட்டாததா?"

"டேரல், நீ இன்னும் பார்க்கவே இல்ல."

"பார்க்க வேணாம். நான் அங்கதான் இருந்தேன். நாலாவது வரிசை." மண்வாரியைச் சுவரில் சாய்த்தான். "அப்பா அடக்கத்துல அம்மா அழல. ஏன்னு உனக்குத் தெரியும். நூத்தம்பது பேருக்குச் சாப்பாடு போட வேண்டியிருந்துச்சு. அழுகையை அப்படியே உள்ள வெச்சு மூடிட்டா. நாலு வருஷம் கழிச்சு, எவனோ இல்லாதவன் அடக்கத்துல அது வெளிய வந்துருச்சு. அதைப் பார்த்து ஊர் சிரிக்கணுமா?"

"எனக்கும் அது தெரியும். அதனாலதான் வெச்சேன். முழுப் படத்துலயும் நடிப்பில்லாத இடம் அது ஒண்ணுதான்."

"அப்படியா? அப்புறம் எதுக்குப் பின்னாடி அக்கார்டியன் வாசிக்க விட்டே?"

 அக்கார்டியன் சோல்வேதான் போட்டாள். காபி தொப்பிக்குள் விழுகிற வேகத்துக்குச் சரியாக, ஒரு துள்ளல் நடன மெட்டு. அந்த மெட்டைத் தேடி மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறாள். நகரத்தில் ஜனம் சிரித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

"நகரத்துக்காரன் சிரிச்சா போயிட்டுப் போறான்" என்றான் டேரல். "இங்க நாளைக்குக் காலையில இவங்க மூஞ்சியிலதான் அம்மா முழிக்கணும்."

மறுபடி மண்வாரியை எடுத்தான். சோல்வே வலது பைக்குள் கையை விட்டாள்.

* * *

படத்தை ஊர்க் கொட்டகையில்தான் போடுவதாக இருந்தது. புதன்கிழமை குளிரில் அதன் வெப்ப உலை செத்துப்போனது. நூற்றைம்பது நாற்காலியும் சூடும் உள்ள இடம் ஊரில் தேவாலயக் கீழ்த்தளம் ஒன்றுதான். சபைக் குழு கூடியது. தேவாலயத்தைக் கிண்டல் பண்ணுகிற படத்தைத் தேவாலயத்திலேயே போடலாமா என்பது கேள்வி. வேண்டாம் என்றால் யாராவது ஒருவர் எழுந்து ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். யாரும் எழவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

இரண்டு மணிக்கு நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு வரிசை காலி. எங்கள் ஜனம் ஆராதனைக்கும் அப்படித்தான் உட்காரும்.

ஆர்டிஸ் சமையலறையிலேயே நின்றுகொண்டாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பரிமாறுகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கதவைத் தூக்கிவிட்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். ஐனார் நாலாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தக் கண்ணாடி போட்டிருந்தார்.

டேரல் விளக்கை அணைத்தான். சோல்வே வலது பையில் இருந்ததைச் செருகினாள்.

எங்கள் ஊரில் சிரிப்பு என்பது தோள் குலுங்குவது. சத்தம் வந்தால் இருமி மறைத்துவிடுவார்கள். முதல் கதையிலேயே கூடம் பூரா சளிப் பிடித்ததுபோல் இருமிக்கொண்டிருந்தது. பாஸ்டரம்மா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பக்கத்து மாநிலம், விஸ்கான்சின்காரி.

இரண்டாவது கதை வந்தது. மெல்வின் க்ராஸின் பெட்டி. கறுப்புக் கோட்டுகள். ஃபிலிஸ் தன்னைப் பார்த்ததும் "ஐயையோ" என்றாள். ஒருவர் எழுந்து, மெல்வின் தன் டிராக்டரை ஒரே கையால் தூக்கியதாகச் சாட்சி சொன்னார். பிறகு திரையில் ஐனார், அங்கியும் யாருடையதோ கண்ணாடியுமாக, வெறும் காற்றைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"மெல்வின் அதிகம் பேசறவரில்ல. இந்த சர்ச்சுல எத்தனையோ காபி குடிச்சிருக்கார். நல்லா இருக்குன்னு ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்ல. ஆனா ரெண்டாவது தடவையும் கப்பை நீட்டுவார். நீட்டுறதுக்காகவேதான் வருவார்."

அடுத்த காட்சி சரளைக் குழி. மூன்றாவது கதை ஆரம்பித்துவிட்டது.

நாலாவது வரிசையில் டேரல் மூச்சு விட்டான். திரும்பி, தங்கையைப் பார்த்துத் தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினான். சின்ன வயசுக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்து அப்படி ஆட்டியதில்லை. சோல்வேவுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது.

அப்போது பின்னால் ஒரு சத்தம். பரிமாறுகிற ஜன்னலின் கதவு இறங்கி மூடிக்கொண்டது.

* * *

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கை தட்டினார்கள். பன் தட்டுகளை ஃபிலிஸ் வெளியே கொண்டுவந்தாள். காபி வரவில்லை.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. முப்பத்தோரு வருஷத்தில் காபி தாமதமானதில்லை. ஜனம் வெறும் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமல் நின்றது.

சோல்வே சமையலறைக்குள் போனாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"அம்மா?"

"நான் எங்க?"

"என்னம்மா?"

"படத்துல நான் எங்க? ஃபிலிஸோட அக்கா மக என்கிட்டயும்தான் போன்ல பேசினா. நான் வர்ற இடத்துலதான் ஜாஸ்தி சிரிச்சாங்கன்னு சொன்னா. என்னை எடுத்துட்டே."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா."

"என்னைக் கேட்டியா?"

"இல்ல."

"அன்னிக்குப் படம் பிடிக்கும்போதும் கேக்கல. இன்னிக்கு எடுக்கும்போதும் கேக்கல." ஆர்டிஸ் குழாயை மூடினாள். குரல் உயரவில்லை. "முடியைச் சுருட்டிக்கிட்டு வந்தேன், லூசு மாதிரி."

சோல்வே கிட்டே வந்தாள். "டேரல்தான் சொன்னான். எனக்கும் சரின்னு பட்டுது. அப்பாவை நினைச்சு நீ அழுததைப் பார்த்து இவங்க சிரிக்க வேணாம்னு..."

"அப்பாவையா?"

ஆர்டிஸ் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். அதன் மேல் துணியை மடித்துப் போட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"சோல்வே, உங்கப்பா காபி குடிச்சு நீ பார்த்திருக்கியா?"

சோல்வே யோசித்தாள். அப்பா பால் குடிப்பார். காலையில் பால், வயலில் பால், அடக்கச் சாப்பாட்டிலும் ஒரு டம்ளர் பால். எங்கள் லூதரன் சபையிலேயே காபி குடிக்காத ஒரே ஆள் என்று ஊரே அவரைக் கேலி பண்ணும்.

கூடத்திலிருந்து கப்புகள் உரசுகிற சத்தம் வந்தது.

"அந்த வரியை நீயா எழுதினே?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"இல்லம்மா. ஐனார் தானா சொன்னது."

"தெரியும். அதை இன்னொரு தடவை உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு." ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எதிர்ல யார் நிக்கறான்னு அவருக்கு அன்னிக்குத் தெரியல. யாரோட கண்ணாடியோ. நான் நின்னதையும் பார்க்கல, அழுததையும் பார்க்கல. இன்னிக்காவது பார்ப்பார்னு இருந்தேன்."

சோல்வேவின் கை தானாக இடது பைக்குப் போனது.

"ஊரே சிரிக்கும்மா. பின்னாடி அக்கார்டியன் வேற."

"சிரிக்கட்டும். ஹார்லன் தொப்பியில அரைக் கூஜா காபி போயிருக்கு. சிரிக்காம என்ன பண்ணுவாங்க?"

* * *

படம் முடிந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பாதிப் பேர் கோட்டைப் போட்டுக்கொண்டு, போய்வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் யாரும் போயிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் படம் இருக்கிறது என்று சோல்வே சொன்னதும் கோட்டோடு உட்கார்ந்தார்கள்.

டேரல் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தான். "அம்மா, வேணாம். சொன்னா கேளு."

"டேரல், விளக்கை அணைப்பா."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் விளக்கை அணைத்தான்.

ஜன்னலின் கதவு மறுபடி மேலே ஏறியது.

ஐனாரின் பேச்சு. நீட்டுறதுக்காகவேதான் வருவார். அக்கார்டியன். கடைசி வரிசைக்குப் பின்னால், ஏப்ரனும் கூஜாவுமாக ஆர்டிஸ். முகம் கோணுகிறது. கூஜா சாய்கிறது. ஹார்லனின் தொப்பி. ஹார்லனின் அசையாத முதுகு.

இந்தத் தடவை யாரும் இருமவில்லை. கூடம் வெடித்துச் சிரித்தது. ஃபிலிஸ் மேசையைத் தட்டினாள். ஹார்லன் எழுந்து நின்று, அன்றைக்குப் போட்டிருந்த அதே கோட்டின் தொப்பியை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். கறை போகவில்லை. ஆர்டிஸும் சிரித்தாள், கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு.

ஐனார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி போட்டார். திரை வெள்ளையான பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வந்தது. கூஜா ஜன்னலுக்கு வந்தது. வரிசை நின்றது. ஐனார் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தபோது ஆர்டிஸ் ஊற்றினாள், அவர் வாங்கினார். நகரவில்லை. அங்கேயே நின்று, சூட்டோடு, கப் காலியாகிறவரை குடித்தார்.

"நல்லா இருக்கு, ஆர்டிஸ்" என்றார்.

பிறகு கப்பை நீட்டினார்.

ஃபிலிஸின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் டேரல் நின்றிருந்தான், கையைச் சுவரிலிருந்து இன்னும் எடுக்காமல். அவன் அம்மாவைப் பார்த்தான், ஐனாரைப் பார்த்தான், மறுபடி அம்மாவைப் பார்த்தான். அப்பாவின் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டான். படி ஏறினான்.

மேலே கதவு சாத்திக்கொண்டது. வெளியே அவன் டிரக் இருமிக் கிளம்பியது. எல்ஸ்பியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒருவன் புறப்பட்டுப் போனதை அந்தக் கூடம் அன்றுதான் பார்த்தது.

ஆர்டிஸ் சத்தம் போன திசையைப் பார்த்தாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து, பெரிய ரோட்டில் திரும்பி, இல்லாமல் போகிறவரை பார்த்தாள். ஐனாரின் கை நீட்டியபடியே இருந்தது.

அவள் கூஜாவைச் சாய்த்தாள். இந்தத் தடவை ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.